இரவல் மூச்சு

பஸ் ஓட்டுகிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது கண் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை சார், இடது முழங்கால். கிளட்சை மிதித்து மிதித்து உள்ளே இருக்கிறதெல்லாம் தேய்ந்துவிடும். அதனால்தான் வந்ததும் காலை நீட்டிக்கொள்ள இடம் கேட்டேன். நீங்கள் மேசையையே தள்ளிப் போட்டீர்கள். இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததிலிருந்து என்னை மனிதனாக மதித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களிடம் எதையும் ஒளிக்கப்போவதில்லை.

மேம்பாலத்திலிருந்து விழுந்த பஸ்ஸைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதை ஓட்டியவன் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அவன் செத்துப்போனான். அவனோடு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தையல்காரப் பெண்கள் சிலரும் போய்விட்டார்கள். அவன் இரத்தத்தில் சாராயம் இருந்தது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவன் அன்று காலையில் எப்படிக் குடித்தான் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நேராக அங்கே போனால் நான் கெட்டவனாகத் தெரிவேன். முதலிலிருந்து கேட்டால் அப்படித் தெரியாது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே டெப்போவில் ஓட்டுநர்கள். துணி தைக்கிற கம்பெனியின் டெப்போ. எங்கள் குடியிருப்புப் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் தொழிற்சாலையில் இறக்கிவிட வேண்டும். முதல் நிறுத்தமே டெப்போ வாசல்தான். என் மனைவியும் அவள் தங்கையும் அதே தொழிற்சாலையில் காலர் தைக்கிறார்கள். எப்போதும் முன் சீட்டில் சேர்ந்து உட்காருவார்கள்.

காலையில் சாவி வாங்க வேண்டுமென்றால், குடித்திருக்கிறோமா என்று பார்க்கிற மிஷினில் முதலில் ஊத வேண்டும். வாசலில் ஒரு கூண்டு, அதில் ஒரு காவலாளி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. மிஷினை ஜன்னல் வழியாக நீட்டுவார், கண் மட்டும் செல்போனில் இருக்கும். பச்சை எரிந்தால் சாவியைத் தள்ளுவார், சிவப்பு எரிந்தால்தான் தலையைத் தூக்குவார். வரிசையில் முன்னால் நிற்கிறவன் தனக்கு ஒருதரம் ஊதிவிட்டு, பின்னால் நிற்கிறவனுக்கும் சேர்த்து ஊதினாலும் அவருக்குத் தெரியாது. அதற்கு எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு, இரவல் மூச்சு. முந்தின நாள் விருந்துக்குப் போனவன், காலையில் கை நடுங்குகிறவன், எவனாக இருந்தாலும் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்வான். மழைக்குப் பக்கத்து வீட்டில் குடை கேட்கிற மாதிரி. அதைத் தப்பென்று டெப்போவில் யாரும் சொன்னதில்லை.

எனக்கு மூச்சுக் கொடுத்தவன் சகலை. டெப்போவிலேயே சுத்தமான மூச்சு அவனுடையதுதான். கல்யாணமான புதிதில் அவன் ஒரு செருப்புக் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான், லைசென்ஸுக்கு அலைந்தது நான், மேனேஜர் முன்னால் நின்று இவன் நம்ம பையன் என்று சொன்னதும் நான். அதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் குடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குடி இல்லை. காலையில் முழங்கால் மடங்காது, அதற்காகக் கொஞ்சம். மதியம் வலி திரும்பும், அதற்காகக் கொஞ்சம். மருந்துக் கடையில் கொடுக்கிற மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும். குடித்துவிட்டு ஓட்டினேன் என்று ஒரு பெண்ணாவது புகார் சொல்லியிருக்கிறாளா, கேட்டுப் பாருங்கள். வளைவில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பஸ்ஸின் பின்பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் ஒரு போலீஸ் எண் எழுதியிருக்கும், ஓட்டுநர் ஆபத்தாக ஓட்டினால் சொல்லுங்கள் என்று. உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும், அவனுக்கோ ஹார்ன் அடிக்கவே நேரம் போதாது. இத்தனை வருஷத்தில் ஒரு போன் வந்ததில்லை. நமக்கெதுக்கு வம்பு என்று ஜனங்கள் சும்மா இருப்பதை நீங்கள் குறையாகச் சொல்லலாம். நான் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்தப் பால்காரன் விஷயம். சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு நடு ரோட்டில் வந்தான். நான் இடித்ததாகச் சொல்ல முடியாது. பஸ் அவன் பக்கமாகக் கொஞ்சம் போனது, அவனாகப் பயந்து விழுந்தான். தோள் எலும்பு போய்விட்டது. ரோடெல்லாம் பால். நான் நிறுத்தவில்லை, பெண்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சகலை என் வீட்டுக்கு வந்தான். மச்சினி அவனிடம் சொல்லியிருக்கிறாள். பேச்சை எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மேசை மேல் இருந்த பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் ஊதித்தானே நீங்க வண்டி எடுத்தீங்க. அந்த ஆளு மேல ஏறியிருந்தா நானும்தானே ஏத்தினவன்" என்றான்.

பெரிய பேச்செல்லாம் பேசுகிறாயே என்று சிரித்து அனுப்பினேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன், இவன் என்ன செய்துவிடப்போகிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவன் ஊதிக்கொண்டுதான் இருந்தான். நான் பின்னால் நின்று முதுகில் விரலால் ஒரு குத்துக் குத்துவேன், அதுதான் எங்களுக்குள் சைகை. திரும்பிப் பார்க்காமல் ஊதுவான். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு ஊத ஆரம்பித்தான். அந்த வித்தியாசத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் குத்தினேன். திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தான். ஊதினான், தன் சாவியை வாங்கினான், மறுபடி ஊதினான், என் சாவி வந்தது. அதை என் கையில் வைக்கும்போது, "அண்ணே, இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுருங்க" என்று மெதுவாகச் சொன்னான். கால் இன்றைக்குப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பள்ளிக்கூடத்து நாற்சந்தியில் போலீஸ் காத்திருந்தது. வருகிற போகிற வண்டியை எல்லாம் விட்டுவிட்டு என் வண்டிக்கு மட்டும் கை காட்டினார்கள். இறங்கச் சொன்னார்கள், நடு ரோட்டில் நிற்க வைத்து ஊதச் சொன்னார்கள். அன்றுதான் பல வருஷம் கழித்து என் சொந்த மூச்சை ஊதினேன். ஜன்னல் பூராவும் முகங்கள். யாராவது சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மனைவி முன் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள், மச்சினி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாற்று டிரைவர் வரும்வரைக்கும் நான் ரோட்டோரத்தில் நின்றேன், அவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலை இன்னும் முடியவில்லை சார் எனக்கு.

யார் சொன்னது என்று கண்டுபிடிக்க நான் அலையவே இல்லை. அவனே வந்தான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"நான்தாண்ணே போன் பண்ணினேன்."

முகம் தெரியாத எவனோ சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் அப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் கூடப்பிறந்தவனை நான் அப்படி நம்பியதில்லை. அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையென்றால் அன்று ஊதாமல் இருந்திருக்கலாம். ஊத மாட்டேன் என்று வரிசையில் நின்று சொல்லியிருக்கலாம், நான் ஊதிச் சிவப்பு எரிந்திருக்கும், தூங்குமூஞ்சி தலையைத் தூக்கியிருப்பார், விஷயம் டெப்போவுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஏன் ஊதினாய் என்று கேட்டேன். பின்னால் எல்லாரும் நின்றார்கள், உங்களை அவர்கள் முன்னால் அசிங்கப்படுத்த மனசு வரவில்லை என்றான். வண்டி வாசலைத் தாண்டிய பிறகு மனசு கேட்கவில்லையாம், போன் பண்ணினானாம். எனக்கு ஊதிக் கொடுத்த அதே வாயால். இதைவிடப் பெரிய துரோகம் உங்கள் வேலையில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

லைசென்ஸ் போனது, என் டிரிப்பையும் அவனுக்கே கொடுத்தார்கள். டெப்போ முழுக்க என் பக்கம் நின்றது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் விசாரித்தால் அவர்களே சொல்வார்கள். மெக்கானிக்தான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னான்.

"குடிச்சா குடிச்சுட்டுப் போறாரு. சொந்தச் சகலையப் போய் போலீஸ்ல மாட்டிவிடுவானா ஒருத்தன்?"

சகலைக்கு டெலிபோன் என்று பெயர் வைத்தார்கள். ஓய்வறைக்குள் அவன் வந்தால், டெலிபோன் வருது, பேச்சை நிறுத்து என்று யாராவது சொல்வார்கள், எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். மூலைப் பெஞ்சு அவனுடையதாகிவிட்டது, வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அவன் டயரில் இரண்டு முறை காற்றை இறக்கிவிட்டார்கள். பெண்களும் சும்மா இருக்கவில்லை. குடும்பத்துப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாயே என்று படியேறும்போதே கேட்டார்கள். பட்டன் வைக்கிற ஒரு வயசான அம்மா மட்டும் அவனிடம், நல்ல காரியம் செய்தாய் என்று சொன்னதாக மச்சினி சொன்னாள். அதையும் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, காதோடு சொல்லியிருக்கிறாள்.

என்னைத் தப்பு என்று ஒருவர் சொல்லவில்லை சார். குடித்துவிட்டு ஓட்டியதற்கு என்னிடம் ஒருவர் முகம் திருப்பவில்லை. அதைச் சொன்னதற்கு அவனிடம் எல்லாரும் திருப்பினார்கள். அப்படியென்றால் யார் பக்கம் நியாயம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தார். சகலை அவர் அறைக்குப் போய்க் கெஞ்சியிருக்கிறான். தூங்குமூஞ்சியைக் கிடங்குக்கு மாற்றிவிட்டு அவர் இடத்தை எனக்கு வாங்கிக் கொடுத்தான். என்னைத் தள்ளிவிட்டவனே கை கொடுத்துத் தூக்குகிறான், நான் அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். சொன்னேன். கூண்டில் உட்கார்ந்து மிஷினை நீட்டினேன். இரவல் மூச்சு என்றால் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொருவனாக முன்னால் வரச் சொல்லி, கண்ணைப் பார்த்து ஊத வைத்தேன். என் காலத்தில் ஒருவனும் இரவல் வாங்கவில்லை. மேனேஜர் நல்ல ஆளைப் போட்டோம் என்றார்.

குடியையும் விட்டேன். கூண்டில் கிளட்ச் இல்லை, முழங்காலும் அவ்வளவு வலிக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரு பாட்டிலைக் கொட்ட மனமில்லாமல் அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன், தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத சரக்கு.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் மாலை என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்துப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன்.

"அவன் அன்னிக்குப் போன் பண்ணினதுதான் நல்லதாப் போச்சு" என்றாள். "இல்லேன்னா நீங்க எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்க மாட்டீங்க."

மடித்த சட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நடு ரோட்டில் நான் நின்றது அவளுக்கு நல்லது. அவள் தலைகுனிந்தது எனக்காக இல்லை, வெட்கத்தால்கூட இல்லை, நிம்மதியால் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குள்ளேயும் அவன்தான் ஜெயித்திருக்கிறான். அன்றைக்கு முடிவு செய்தேன்.

என்ன முடிவு செய்தேன் என்பதை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு நடந்தது அவனுக்கும் ஒருமுறை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதே நாற்சந்தி, அதே ஜன்னல்கள், அதே முகங்கள். அவனை இறக்கி ஊதச் சொல்ல வேண்டும், சிவப்பு எரிய வேண்டும், நான் குடிக்கவில்லை என்று அவன் சொல்வதை யாரும் நம்பக் கூடாது. நாற்சந்திக்கு அப்புறம்தான் மேம்பாலம். அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவனுக்கு மழைக்காலத்தில் மூக்கு அடைத்துக்கொள்ளும். வாசனை, ருசி எதுவும் தெரியாது. காத்திருந்தேன். ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான். மறுநாள் நான் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோனேன். வெந்நீர், நிறைய இஞ்சி, எலுமிச்சை, தேன், அந்தப் பாட்டில். கிளம்புவதற்கு முன்னால் மனைவியிடம், மதியம் டாக்டரிடம் போக வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், இன்றைக்கு லீவு போடு என்று சொன்னேன். அதற்கு நீங்கள் வேறு அர்த்தம் எடுக்கிறீர்கள். டாக்டரிடம் போவதாகத்தான் இருந்தேன்.

அவன் எப்போதும் சீக்கிரம் வந்து கண்ணாடி துடைக்கிறவன். துடைத்துவிட்டு ஓய்வறையில் அவனுடைய பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் மறுகோடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையே அமைதியாகிவிட்டது. மூடியில் ஊற்றிக் கொடுத்தேன், தொண்டைக்கு நல்லது என்றேன். வாங்கிக் குடித்தான். ரொம்பக் காரமாக இருக்கிறதே என்றான். இஞ்சி என்றேன். இரண்டாவது மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், கண் கலங்கியிருந்தது.

"நீங்களாவது பேசுறீங்களேண்ணே" என்றான்.

மூன்றாவது மூடியை அவனாகவே கேட்டான். பிளாஸ்க் காலியாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். உண்மையைச் சொன்னால் பழைய காலம் மாதிரி இருந்தது. எனக்கும் மனசு லேசாக இருந்தது.

வரிசையில் அவன் முறை வந்தபோது கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, தலை கிறுகிறுங்குது. சளிக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கலையோ என்னவோ. லீவு சொல்லிரட்டுமா?"

லீவு போடச் சொல்லி அவன் என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கு வந்ததா என்று தெரியாது. நீ லீவு போட்டால் உன் டிரிப்பை இன்னொருவன் எடுக்க வேண்டும், ஏற்கெனவே எல்லாரும் உன் மேல் கடுப்பில் இருக்கிறார்கள் என்றேன். ஊது, பார்த்துவிடலாம் என்றேன்.

கூண்டில் இரண்டு மிஷின் உண்டு. பழையதை நீட்டினேன், அவன் ஊதினான். விளக்கைப் பார்ப்பது மாதிரி குனிந்து அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக் காட்டினேன். அதில் கொஞ்சம் முன்னால் நான் ஊதியிருந்தேன். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அவன் அதையே பார்த்தான். "மிஷின் சொன்னா சரிதாண்ணே" என்றான். சாவியைக் கொடுத்தேன். முன்பு அவன் எனக்குக் கொடுத்த மூச்சுக்கு அன்றைக்கு நான் ஒன்று திருப்பிக் கொடுத்தேன், அப்படித்தான் நான் பார்க்கிறேன்.

வண்டியை எடுக்கும்போதே பக்கக் கண்ணாடி வாசல் தூணில் உரசியது. டெப்போவில் பத்து வருஷமாக அவன் எதையும் உரசியதில்லை. மெக்கானிக் கையிலிருந்த துணியோடு நின்று பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், டெலிபோனுக்குத் தூக்கம் தெளியவில்லை போல என்றான், இன்னொருவன் சிரித்தான். வெளியே நிறுத்தத்தில் வண்டி இரண்டு முறை நின்று நின்று கிளம்பியது. பெண்கள் ஏறினார்கள். மச்சினி முன் சீட்டில் உட்கார்ந்து, அக்கா எங்கே என்று ஜன்னல் வழியாக என்னிடம் கையாட்டிக் கேட்டாள். வீட்டில் என்று சைகை காட்டினேன். அவள் தலையாட்டினாள்.

பிழைத்த பெண்கள் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டி அலைவதைப் பார்த்தோம், ஆனால் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? போன் செய்தவனுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் எல்லாரும் பார்த்தவர்கள்தானே. அந்தப் பாடத்தை நான் நடத்தவில்லை சார், டெப்போவும் பஸ்ஸுமாகச் சேர்ந்து நடத்தியது. நாற்சந்தியில் அன்று போலீஸ் இல்லை, விளக்கு பச்சையாக இருந்தது, நேராக மேம்பாலத்தில் ஏறிவிட்டான். அங்கே கைப்பிடிச் சுவர் பழசு.

மச்சினி பிழைத்தாள், இரண்டு காலிலும் கட்டு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்கள், குடிகாரன் பெண்டாட்டி என்று. என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அவரு குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்க. அவரு தொடவே மாட்டாரே. நீங்கதானே ஊத வச்சீங்க, மிஷின்ல என்ன வந்துச்சுன்னு இவங்ககிட்டச் சொல்லுங்க மாமா. எம்புள்ள நாளைக்கு வெளிய தலைகாட்ட வேணாமா?"

பச்சைதான் வந்தது என்று சொன்னேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அதில் பொய் இல்லை, பச்சைதான் எரிந்தது. அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அந்த வார்த்தையை வேறு யாரும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது, அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

என் மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். தங்கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், டாக்டரிடம் போகணும்னு சொன்னீங்களே, எந்த டாக்டர் என்று கேட்டாள். வீடு சேர்ந்ததும் அவள் சமையலறைக்குப் போனாள், பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும் என்று பார்த்தேன், கேட்கவில்லை. அலமாரியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மறுநாள் பாட்டிலையும் பிளாஸ்கையும் ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். பிளாஸ்கை நான் கழுவிக்கூட வைத்திருக்கவில்லை. என் வீட்டுப் பொருளை யார் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள். நேற்று கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான்தான் கேட்டேன்.

"நான் அன்னைக்கே போன் பண்ணியிருக்கணும். பால்காரன் விழுந்த அன்னைக்கே" என்றாள். "எல்லாத்தையும் அவன் ஒருத்தன் தலையில விட்டுட்டு உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் சொல்வதைக் கேட்கவே இல்லை. முதலில் சகலை, இப்போது அவள். நான் நம்பினவர்கள் எல்லாம் எப்படித்தான் இப்படி ஆகிவிடுகிறார்களோ.

கடைசியாக என் செல்போனைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் போலீஸ் எண் அதில் அடித்து வைத்திருக்கிறது, ஆனால் கூப்பிடவில்லை, ஏன் என்று கேட்டீர்கள். போலீஸ் நாற்சந்திக்கு வர வேண்டுமென்றால் யாராவது சொல்ல வேண்டும். அது என் வேலை. திட்டத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான்.

பஸ் கிளம்பியதும் கூண்டை விட்டு வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றேன். பின்பக்கத்து மஞ்சள் எழுத்து தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் எண்ணை அடித்தேன். வண்டி இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, ஒரு ஸ்கூட்டர்காரன் ஒதுங்கி நின்றான். நாற்சந்திக்குப் போய்ச் சேர நேரம் இருந்தது. ஒரு பொத்தான்தான் சார், அதை அழுத்தினால் போதும். கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. மெக்கானிக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது யோசித்தேன். அவனை நடு ரோட்டில் இறக்குவார்கள், மச்சினி முன் சீட்டிலிருந்து பார்ப்பாள். டெப்போவில் என் பெயரும் டெலிபோன் ஆகிவிடும். நாளைக்கு ஓய்வறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவன் உட்கார்ந்த பெஞ்சில் நான் உட்கார வேண்டியிருக்கும்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் திரும்பி மறைகிறவரை நின்று பார்த்தேன். பிறகு கூண்டுக்குள் போய் அடுத்தவனுக்கு மிஷினை நீட்டினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் குடிக்க வைத்தது நான். பச்சை விளக்கைக் காட்டி ஏமாற்றியது நான். சாவியைக் கொடுத்தது நான். நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் எனக்கு ஊதியும் கொடுத்தான், என்னைக் காட்டியும் கொடுத்தான். நான் அவனுக்கு ஊதிக் கொடுத்ததோடு சரி. சொந்தக்காரனைப் போலீஸில் காட்டிக்கொடுக்கிற புத்தி என் இரத்தத்திலேயே இல்லை சார்.